ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்பது எப்படி?

நமக்கு ஆல்பம் என்றால் பெரும்பாலும் ஒரு படத்தின் பாட்டுகள்தான். ஐந்தோ ஆறோ இருக்கும். ஒன்று நாயகன் அறிமுகம், ஒன்று காதல், ஒன்று சோகம், ஒன்று குத்து. எது முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. பாட்டு எங்கே வர வேண்டும் என்பதைக் கதை தீர்மானித்துவிடுகிறது. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டு கொடுத்து, 60 நிமிடக் கேசட்டிலும் 90 நிமிடக் கேசட்டிலும் பிடித்த பாட்டுகளாகப் பதிந்து வாங்கினோம். இன்று பிளேலிஸ்ட் அதே வேலையைச் செய்கிறது. பொறுக்கிக் கேட்பது நம் பழைய பழக்கம்.

அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் 35, 40 நிமிடத்தை ஒரே படைப்பாக நினைத்துச் செய்த ஆல்பங்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒரு பாட்டை மட்டும் உருவி எடுத்தால் நாவலின் நடுவே ஓர் அத்தியாயத்தைப் படித்த மாதிரிதான் இருக்கும். ஜாஸ், மேற்கத்திய செவ்வியல், சோல், ஆஃப்ரோபீட், ராப் என்று பழக்கமில்லாத பக்கம் போகும்போது இன்னொரு சிக்கலும் வரும். ஒவ்வொரு இசை வகையும் தன் சரக்கை ஒவ்வொரு இடத்தில் வைத்திருக்கிறது. சினிமாப் பாட்டு மெட்டிலும் வரியிலும் வைத்திருக்கிறது. அதே இரண்டையும் ஒரு ஜாஸ் இசைத்தட்டில் தேடினால் கைக்கு ஒன்றும் சிக்காது. "சும்மா ஊதிக்கிட்டே இருக்காங்க" என்று அணைத்துவிடுவோம். எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கதவு திறந்துவிடும். மீதி திறக்க இரண்டு மூன்று தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. கிராமபோன் காலத்து 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். பெரிய தட்டாக இருந்தால் நாலைந்து நிமிடம். ஒரு சிம்பொனியைப் பதிவு செய்ய வேண்டுமானால் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பல தட்டுகளில் பதிந்து, கெட்டி அட்டை போட்ட புத்தகத்தில் உறை உறையாகச் செருகி விற்றார்கள். 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 33 1/3 சுற்று, 12 அங்குல அகலம், பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல். இதன் பிறகுதான் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும், 'இந்த நாற்பது நிமிடத்தை எப்படி அடுக்கலாம்?' என்று யோசிக்கத் தொடங்கினார்கள். கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இந்த யோசனை புரியும். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்திய முறையில் வர்ணம் முன்னால் வரும், கனமான உருப்படி நடுவில் வரும், துக்கடா கடைசியில் வரும். துக்கடாவை முதலில் பாடினால் எடுபடாது. நல்ல ஆல்பத்திலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். ஆனால் அந்தக் கணக்கை ஒவ்வொருவரும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

எல்.பி.யில் இரண்டு பக்கம் உண்டு. ஏ பக்கம் முடிந்ததும் கேட்பவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டும். அதனால் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு ஒரு முடிவாகவும், பி பக்கத்தின் முதல் பாட்டு ஒரு புது ஆரம்பமாகவும் அமைந்தது. பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஆல்பத்தில் ஒரு பெண் குரல் வார்த்தையே இல்லாமல் ஓங்கிப் பாடி, மெல்ல அடங்குகிறது. அங்கே ஏ பக்கம் முடிகிறது. பி பக்கம் கல்லாப்பெட்டிச் சத்தமும் சில்லறைச் சத்தமுமாக ஆரம்பிக்கிறது. நடுவில் தட்டைத் திருப்பும் நேரத்து மௌனம் இருந்தது. இன்றைக்கு ஆப்பில் கேட்டால் ஒன்றன் மேல் ஒன்று மோதிக்கொண்டு வருகிறது. எல்.பி. காலத்து ஆல்பம் எதுவானாலும் பக்கம் எங்கே மாறுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நிறுத்தி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வித்தியாசம் தெரியும்.

சரி, இப்போது ஆல்பங்களுக்குப் போவோம். நியூயார்க்கில் கிழக்கு 30-ஆவது தெருவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தை கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தது. உயரமான கூரையும் நல்ல எதிரொலியும் உள்ள இடம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வகை இசையில், தொடக்கக்காரர்களுக்கு மிக நல்ல இரண்டு ஆல்பங்கள் அந்த ஒரே கூடத்தில் பதிவானவை.

ஒன்று, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் இரண்டே அமர்வுகளில் பதிவாகி, அதே ஆகஸ்டில் வெளிவந்தது. மொத்தம் ஐந்து டிராக். ஜாஸில் பொதுவாக முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு முறை அந்த மெட்டின் சட்டகத்துக்குள் கற்பனையாக வாசிப்பார்கள். கடைசியில் மெட்டு திரும்ப வரும். சரக்கு இருப்பது நடுப்பகுதியில். மெட்டை மட்டும் எதிர்பார்த்தால் முதல் ஒரு நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும்.

அதற்கு முந்தைய ஜாஸில் கோர்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், வேகவேகமாக மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். டேவிஸ் அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஒரு சுர வரிசையில் நீண்ட நேரம் நிற்கச் சொன்னார். இந்த இடத்தில் நம் காதுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. முதல் டிராக் 'ஸோ வாட்' எடுத்துக்கொண்ட சுரங்கள் நம் கரகரப்ரியாவின் சுரங்கள். சுரங்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன். கமகம் இல்லாமல் ராகம் எங்கே? ஆனாலும் ஒரே சுரக்கூட்டத்தில் நின்று சொல்லிக்கொண்டே போவது நமக்குப் புதிதே இல்லை. 32 அளவு (ஒரு அளவுக்கு நான்கு தாள அடி) கொண்ட சுற்றில் முதல் 16 அளவு இந்தச் சுரங்களில் ஓடும். அடுத்த 8 அளவுக்கு மொத்த இசையும் அரைச் சுரம் மேலே ஏறிக்கொள்ளும். கடைசி 8 அளவுக்குப் பழைய இடத்துக்கே இறங்கும். அந்த ஏற்றத்தைக் காது பிடித்துவிட்டால் ஒன்பது நிமிட டிராக்கில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எப்போதும் தெரியும்.

முதல் முறை கேட்கும்போது டிரம்பெட்டை விட்டுவிட்டு, அடியில் போகும் பேஸ் என்ற கனத்த குரல் தந்தி வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். ஆரம்பத்தில் மெட்டைச் சொல்வதே பேஸ்தான். மற்ற வாத்தியங்கள் இரண்டே அடியில் பதில் சொல்லும். இரண்டாம் முறை, தனியாக வாசிக்க வருகிறவர்களின் சுபாவத்தைக் கவனியுங்கள். டேவிஸ் கொஞ்சமாகப் பேசுகிறவர். இடைவெளி விட்டு விட்டு வாசிக்கிறார். அடுத்து சாக்ஸபோனோடு வரும் ஜான் கோல்ட்ரேன் இடமே விடாமல் கொட்டுகிறார். அதற்கடுத்து இன்னொரு சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி, உற்சாகமான ஆசாமி. கடைசியாக பில் எவன்ஸின் பியானோ. ஒரே சட்டகத்தில் நாலு பேரின் நாலு சுபாவம். ஜாஸ் கேட்பதன் ருசியில் பெரும்பகுதி இதுதான்.

பதிப்பு பற்றி ஒரு செய்தி. மார்ச் அமர்வில் பதிவு இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டதால், ஏ பக்கத்தின் மூன்று டிராக்கும் தட்டில் சுருதி கொஞ்சம் கூடி ஒலித்தன. 1992-ல்தான் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க அந்தத் தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள், தங்கள் வாத்தியத்தில்தான் சுருதி சேரவில்லை என்று நினைத்திருப்பார்கள் பாவம்.

அந்தக் கூடத்தின் இன்னொரு ஆல்பம், பியானோ கலைஞர் கிளென் கூல்டு வாசித்த, பாஹ் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. 1741-ல் அச்சான படைப்பு. முதலில் 'ஆரியா' என்ற ஒரு சிறிய மெட்டு, பிறகு 30 மாற்று வடிவங்கள், கடைசியில் அதே ஆரியா. புதிதாகக் கேட்பவர்கள் ஆரியாவின் மெட்டு ஒவ்வொன்றிலும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் களைத்துப்போவார்கள். அது அங்கே இருக்காது. பாஹ் பிடித்துக்கொண்டது மேலே கேட்கும் மெட்டை அல்ல. இடது கையின் கீழ் சுரங்களையும் அவற்றின் மேல் எழும் கோர்டுகளின் போக்கையும். ஆகவே இங்கேயும் காது கீழே போக வேண்டும்.

கூல்டு இதை 1955-ல், 22 வயதில் பதிவு செய்தார். சுமார் 38 நிமிடம். பல இடங்களில் பறக்கிறார். 1981-ல் அதே கூடத்தில் அதே படைப்பை மறுபடி பதிவு செய்தார். இம்முறை சுமார் 51 நிமிடம். ஆரம்ப ஆரியாவே முன்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. இப்போது மூன்று நிமிடம். அந்தப் பதிவு 1982-ல் வெளிவந்த சில நாட்களில், 50 வயதில் இறந்துபோனார். மேற்கத்திய செவ்வியலில் எல்லாம் தாளில் எழுதியிருக்கிறதே, வாசிப்பவர் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆரியாவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம். வேறு விளக்கம் தேவைப்படாது. கூடவே கூல்டு முனகுவதும் கேட்கும். உங்கள் ஹெட்போனில் கோளாறு எதுவும் இல்லை.

இந்துஸ்தானியில் ஒரு ஆல்பம் மட்டும் சொல்கிறேன்: 'கால் ஆஃப் தி வேலி', 1967. சிவகுமார் சர்மா சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் கப்ரா கிட்டார். காஷ்மீரில் ஓர் ஆட்டிடையனின் ஒரு நாள் என்பதுதான் கரு. காலை அஹிர் பைரவில் விடிகிறது, அப்புறம் பொழுது நகர நகர அந்தந்த வேளைக்குரிய ராகம் வருகிறது, பஹாடியில் முடிகிறது. இந்த ராகத்துக்கு இந்த வேளை என்ற மரபே ஆல்பத்தின் வரிசையாகிவிட்டது. ஷஃபிளில் போட்டால் பொழுது சாய்ந்த பிறகு விடியும்.

எழுபதுகளின் சோல் இசைக்கு வந்தால், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971). மோட்டவுன் நிறுவனம் அதுவரை மூன்று நிமிடக் காதல் பாட்டுகளை வார்த்துத் தள்ளிக்கொண்டிருந்த இடம். தலைப்புப் பாட்டை வெளியிடவே முதலாளி பெரி கோர்டி தயங்கினார். மார்வினின் தம்பி வியட்நாம் போரிலிருந்து திரும்பியிருந்தார். ஆல்பமும் அப்படித் திரும்பி வந்த ஒருவனின் கண்ணில் ஊர் எப்படித் தெரிகிறது என்று பார்க்கிறது: வேலை கிடைக்குமா, பழைய கூட்டாளிகள் எங்கே, காற்றும் கடலும் ஏன் இப்படிக் கெட்டுக் கிடக்கின்றன. ஏ பக்கத்தின் ஆறு பாட்டும் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று நழுவுகின்றன. எது எங்கே முடிந்தது என்று தெரியாமல் போனால் நீங்கள் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். பி பக்கத்தின் கடைசிப் பாட்டு அடங்கும் நேரத்தில் தலைப்புப் பாட்டின் மெட்டு திரும்ப எட்டிப் பார்க்கும். மார்வின் தன் குரலின் மேலேயே தன் குரலைப் பதிந்து, தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு போவதை ஹெட்போனில் கேட்பது நல்லது. ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரையும் தவறவிடாதீர்கள். மோட்டவுன் தட்டுகளுக்கு வருடக்கணக்கில் வாசித்த அவர் மாதிரியானவர்களின் பெயர் உறையில் அச்சானதே இந்த ஆல்பத்தில்தான் முதல் தடவை.

ஆஃப்ரோபீட் இசைக்குப் பெயர்போன நைஜீரியாவின் ஃபெலா குட்டி, ஆல்பம் என்பதன் இலக்கணத்தையே மாற்றிப்போட்டவர். பக்கத்துக்கு ஒரே பாட்டு. 'ஸோம்பி' (1976) பன்னிரண்டு நிமிடம் ஓடும்; பாடவே அவசரப்பட மாட்டார். டிரம்ஸ், கிட்டார், ஊது வாத்தியங்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். "எப்போ பாட்டு ஆரம்பிக்கும்?" என்று காத்திருந்தால் எரிச்சல்தான் வரும். இங்கே சரக்கு அந்தத் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. ஏதாவது ஒரு கருவியை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், டோனி ஆலனின் டிரம்ஸ் என்று வைத்துக்கொள்வோமே. ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றியது எவ்வளவு நுணுக்கமாக மாறுகிறது என்று தெரியும். குரல் வந்ததும் வேறு விஷயம் தொடங்குகிறது. உத்தரவுக்கு மட்டும் நடக்கும் பட்டாளத்துக்காரர்களை நேராகக் கிண்டல் செய்கிற பாட்டு அது. 1977 பிப்ரவரியில் ராணுவத்தினர் லாகோஸில் அவர் வளாகத்தைத் தாக்கித் தீ வைத்தார்கள். அவருடைய வயதான தாயை ஜன்னலிலிருந்து தள்ளினார்கள். அடுத்த வருடம் அந்தத் தாய் இறந்தார். ஆடவைக்கிற தாளத்தின் மேல் அந்தக் கிண்டல் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்துகொண்டு கேட்பது வேறு அனுபவம்.

சி.டி. 1982-ல் வந்தது. 74 நிமிட இடம் கிடைத்ததும் எல்லோரும் அதை நிரப்பத் தொடங்கினார்கள். என் அபிப்ராயத்தில் தொண்ணூறுகளின் ஆல்பங்களில் பாதிக்கு மேல் இருபது நிமிடம் கூடுதல். அந்தக் காலத்திலும் கட்டுக்கோப்பாக வந்த ராப் ஆல்பம் நாஸ் என்பவரின் 'இல்மாட்டிக்' (1994). பத்து டிராக், 40 நிமிடத்துக்கும் குறைவு. நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த இருபது வயதுப் பையன் தன் ஜன்னலுக்கு வெளியே தெரிவதைச் சொல்கிறான். ராப்பில் மெட்டைத் தேடவே கூடாது. சொற்கள் தாளத்தின் எந்த இடத்தில் விழுகின்றன, இயைபு வரியின் கடைசியில் வருகிறதா, நடுவிலேயே நாலு தடவை வந்துவிடுகிறதா, மூச்சை எங்கே எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். சொற்கட்டு கேட்டுப் பழகிய காது இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பின்னணியில் வருவது பெரும்பாலும் பழைய தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த சாம்பிள்கள். நாஸின் அப்பா ஓலு டாரா ஜாஸ் கலைஞர். ஒரு டிராக்கின் முடிவில் அவரே டிரம்பெட் மாதிரியான கார்னெட் ஊதுகிறார். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபடி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அமெரிக்கர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

வரிசை என்பது எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க வேண்டுமானால் ராப் பாடகர் கென்ட்ரிக் லாமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' (2015). பாட்டுகளின் இடையே ஒரு கவிதையைச் சொல்கிறார். முதலில் ஒரு துண்டு, அடுத்த முறை இன்னும் சில வரிகள் என்று அது வளர்ந்துகொண்டே போகும். கடைசி டிராக்கில் முழுசாகச் சொல்லி முடித்ததும்தான் அது 1996-ல் கொல்லப்பட்ட ராப் பாடகர் டூபாக் ஷகூரிடம் சொல்லப்படுவதாகத் தெரிகிறது. டூபாக்கின் பழைய பேட்டியிலிருந்து குரலை எடுத்து, இருவரும் பேசுவது போல அமைத்திருக்கிறார். ஏறக்குறைய 80 நிமிடம். தொடக்கத்திலேயே இதைக் கையில் எடுக்க வேண்டாம், கனமான சரக்கு.

நம் பக்கத்தில், படத்தைச் சாராமல் முழு ஆல்பமாக நினைத்துச் செய்தவற்றில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) தனியாக நிற்கிறது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்தது. பாடல் வரிகள் கிடையாது, வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்கிறது. இளையராஜாவின் படப் பாட்டுகளின் இடையிசையை மட்டும் ரசித்துக் கேட்கிறவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு இது நேரான வாசல். கூல்டின் பாஹைக் கேட்டுவிட்டு வந்தால், இரண்டு மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில் தனித்தனி வழியில் போவது இன்னும் தெளிவாகப் பிடிபடும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஆப்பில் ஒரே ஆல்பத்துக்கு டீலக்ஸ், ஆண்டு விழாப் பதிப்பு என்று நாலைந்து இருக்கும். முதலில் வெளிவந்த டிராக்குகள் மட்டும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கடைசியில் ஒட்டவைத்த போனஸ் டிராக்குகள், ஆல்பத்துக்கு யோசித்து வைத்த முடிவைக் கெடுத்துவிடும். பழைய பதிவுகள் மெலிதாகக் கேட்டால் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். முதல் தடவை பிடிக்கவில்லை என்றால் சில வாரம் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா, விட்டுவிடலாம். உலகமே கொண்டாடுகிறது என்பதற்காக யாரும் எதையும் ரசித்தாக வேண்டியதில்லை. பிங்க் ஃபிளாய்டின் மற்ற ஆல்பங்களில் பலவற்றை என்னால் இன்னும் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

அடுத்து என்ன கேட்பது என்பதற்கு 'சிறந்த 100' பட்டியல்களைவிட நல்ல வழி, பிடித்த ஒரு கலைஞரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போவது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் கோல்ட்ரேன் பிடித்தால் அவருடைய 'எ லவ் சுப்ரீம்' (1965) இருக்கிறது, நான்கு பகுதிகளில் ஒரு பிரார்த்தனை. டேவிஸைப் பிடித்துக்கொண்டு பத்து வருடம் தள்ளி வந்தால் அவரோடு ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயர் கிட்டார் வாசிக்கிறார். அந்த மெக்லாஃப்லின் ஜாகிர் உசேன், வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராகவன் ஆகியோரோடு சேர்ந்த குழுதான் சக்தி. அவர்களின் முதல் ஆல்பம் 1975-ல் ரசிகர்கள் முன்னால் பதிவாகி 1976-ல் வந்தது. மூன்றே டிராக். முதலாவது 18 நிமிடம், எடுத்த எடுப்பிலேயே அசுர வேகம். இரண்டாவது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, அமைதியாகப் போகும். வரிசையை மாற்றாதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இந்தத் தட்டில் மட்டும் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.